நெற்றியைக் கழுவிவிட்டு உள்ளே வரவும்

போன வாரம் முத்துலட்சுமி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பரிசோதனைக்கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். குரலில் பதற்றம்.

"மேடம், சென்னையிலேர்ந்து தணிக்கைக்கு ஒருத்தர் வந்திருக்காரு. வாசல்லயே நிக்காரு. உள்ள வர மாட்டேங்காரு."

"ஏன், வாசல்ல நாயா கட்டிப் போட்டிருக்க?"

"நம்ம போர்டுதான் மேடம். 'நெற்றியைக் கழுவிவிட்டு உள்ளே வரவும்'னு மாட்டியிருக்கோம்லா. அவரு நெத்தி நெறைய விபூதி. இது எந்த விதியில இருக்கு, காரணம் சொல்லுங்காரு. எனக்குக் காரணம் தெரியல. நான் வேலைக்குச் சேந்த அன்னைக்கு நீங்க கழுவச் சொன்னீங்க, கழுவினேன். காரணம் சொல்லலைன்னா, ஆதாரமில்லாத நடைமுறைன்னு எழுதிட்டுப் போயிருவாராம்."

அப்படி எழுதிவிட்டால் அங்கீகாரத்துக்கு ஆபத்து. அங்கீகாரம் போனால் கூடத்தைப் பூட்டிவிட்டு மாடியில் வற்றல் காயப்போடலாம். அவளுக்குப் போனில் சுருக்கமாகச் சொன்னேன். சுருக்கமாகச் சொல்வது எனக்கு வராத கலை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது வேதியியல். முதலில் திருநெல்வேலியில் ஒரு மசாலாக் கம்பெனியில் மிளகாய்த்தூளில் செங்கல் தூளைத் தேடிக்கொண்டிருந்தேன். கல்யாணம் கூடி வரவில்லை. அதற்கு வேதியியல் காரணம் எதுவும் இல்லை. அண்ணன் வீட்டோடு சங்கரன்கோவிலில் இருந்துவிடுவது என்று முடிவானபோது, கோமதிநாயகம் சார் இந்தப் பரிசோதனைக்கூடத்தைத் தொடங்கியிருந்தார். அரசாங்கக் கூடம் அல்ல, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமும் அல்ல. மருந்தோ சத்துமாவோ யார் கொண்டுவந்தாலும் டப்பாவின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா, எழுதாதது எதுவும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில்.

கூடம் இருந்தது ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில். உலகத்தில் எந்த மடையனாவது தறிக்கு மேலே நுண்தராசை வைப்பானா என்று கேட்பீர்கள். சார் இடம் பார்க்க வந்த அன்றைக்குக் கீழே தறிக்காரர்கள் வேலைநிறுத்தம். "ஊசி விழுந்தாக் கேக்கும் போலிருக்கே" என்று மகிழ்ந்து முன்பணம் கொடுத்துவிட்டார். மறுவாரம் தறி ஓட ஆரம்பித்தது. தராசின் கடைசி எண் அன்றைக்கு ஆட ஆரம்பித்ததுதான், நான் ஓய்வு பெறும்வரை நிற்கவில்லை.

அதனால் எங்களுக்கு ஒரு வேலைமுறை உண்டானது. காலையில் இடிப்பது, கரைப்பது, எரிப்பது. எடை போடுவது மட்டும் தறிக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போன பிறகு. அவர்கள் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது நாங்கள் தராசைத் திறப்போம். மாதாந்திர மின்தடை நாள் எங்களுக்குத் தீபாவளி. தறி நின்றுவிடும், தராசு பேட்டரியில் ஓடும். ஊரே விசிறி மட்டையோடு மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருக்க, சார் மட்டும் புன்னகையோடு எடை போட்டுக்கொண்டிருப்பார்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். தினமும் விடியற்காலையில் அம்மன் சன்னதிக்குப் போய்விட்டு, நெற்றியில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுவார். எங்கள் ஊரில் அது பெரிய பிரசாதம். காய்ச்சல், சொறி, பரீட்சை, கோர்ட் கேஸ் எல்லாவற்றுக்கும் ஒரு சிட்டிகைதான். பூசவும் செய்வார்கள், வாயில் போடவும் செய்வார்கள்.

அவர் வாயில் 'நல்லது', 'கெட்டது' என்ற சொற்கள் வந்து நான் கேட்டதில்லை. இரண்டே தீர்ப்புதான். "விவரக்குறிப்புக்கு இணங்குகிறது", இல்லாவிட்டால் "இணங்கவில்லை". பழக்கம் வீடுவரைக்கும் போய்விட்டது. ஒருநாள் அவர் மனைவி சாம்பார் எப்படி என்று கேட்டதற்கு, "எதோட ஒப்பிட்டு?" என்றாராம். அந்த அம்மாள் இரண்டு நாள் சமைக்கவில்லை.

கம்பெனிக்காரன் கையில் கொண்டுவரும் மாதிரியை மட்டும் நம்பவே மாட்டார். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதே சரக்கைக் கடையில் எங்களில் ஒருவர் சாதாரண ஆள் போலப் போய் வாங்கிவர வேண்டும். வாங்கியதை உறையிலிட்டு அரக்கு முத்திரை. வந்தவர் வாங்கிக் கொடுக்கும் டீயைக்கூடத் தொடக் கூடாது. "டீ குடிச்சா என்ன சார், ஆவியாப் போகப் போவுது" என்று நான் ஒருமுறை சொன்னேன். "நன்றி ஆவியாகாதும்மா" என்றார்.

ஞாபகசக்தி மாத்திரைகளின் காலம் திடீரென்று வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு, நீட் என்று பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள் அதிகமாக வியர்த்த காலம். மூளைக்கு மாத்திரை, கவனத்துக்குப் பொடி, மனப்பாடத்துக்கு லேகியம். எங்கள் மேசையில் விதவிதமாக வந்து குவிந்தன. ஒன்றில் முழுக்க மைதா. ஒன்றில் வல்லாரை, லேபிளில் உள்ள படத்தில் மட்டும் இருந்தது. இன்னொன்று 'அமோக பலன்' என்று பேர் வாங்கியிருந்தது. பிள்ளைகள் தூங்காமல் படித்தார்களாம். பிரித்துப் பார்த்தால் காபியில் இருக்கும் காஃபீன், அதுவும் டம்ளர் கணக்கில். அந்தப் பிள்ளைகள் பாடப்புத்தகம் முடிந்து நாள்காட்டியின் பின்பக்கத்தையும் படித்திருக்கும்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்த சமயத்தில் சுடலைமுத்து அண்ணாச்சி படியேறி வந்தார். புளியங்குடி ரோட்டில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்தவர். ஓடாமல் கிடந்த ஒரு தறிக்கூடத்தைப் பிடித்து, எட்டுப் பெண்களை வைத்து வல்லாரை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். சென்னையில் வரிசையாகக் கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனி அவர் சரக்கை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை, சுயேச்சையான கூடத்தின் பரிசோதனை அறிக்கை வேண்டும்.

"சார், நம்ம சரக்கு தங்கம். சுத்தம்னு ஒரு சர்டிபிகேட் குடுங்க" என்றார்.

"சர்டிபிகேட் கெடையாது. அறிக்கைதான்."

"சரி, அறிக்கையில சுத்தம்னு போடுங்க."

"இருந்தா வரும்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "என்னம்மா, சாரு எப்பவும் இப்படித்தானா?" என்றார். அவருக்கு என்னைத் தெரியும். தெரியாமல் எப்படி? அவருடைய எட்டுப் பெண்களில் ஒருத்தி என் மதினி, அண்ணன் பெண்சாதி பேச்சியம்மாள். அண்ணனுக்கு இடுப்பு போய்த் தறியில் நிற்க முடியாமலான பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது முக்கால்வாசி மதினியின் சம்பளத்தில். சென்னை ஆர்டர் வந்தால் அந்த எட்டுப் பேருக்கும் வருஷம் முழுக்க வேலை. வராவிட்டால் அண்ணாச்சி கூடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலமே மதினி கேட்டாள். "எங்க மாத்திர பாஸாட்டி?"

"சொல்லக் கூடாது மதினி."

"யாருட்டயும் சொல்லாண்டாம். எங்கிட்டச் சொல்லு."

வீட்டில் ஒருவர் வேலை செய்யும் இடத்துச் சரக்கைச் சோதிக்கக் கூடாது என்பதும் சார் வைத்த விதிதான். நான் மறுநாளே சொல்லிவிட்டேன். சார் தாமே செய்வதாகவும், நான் பக்கத்தில் நின்று சாமான் மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும் என்றும் ஏற்பாடு. அதனால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

மாத்திரை அருமையான மாத்திரை. நிஜமான வல்லாரை. காஃபீன் இல்லை, மாவு இல்லை, சாயம் இல்லை. எனக்கு வாயெல்லாம் பல். கடைசியாகச் சாம்பல் சோதனை. பொடியைச் சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து உலையில் எரித்துச் சாம்பலாக்குவோம். சாம்பலை அமிலத்தில் கொதிக்கவைத்தால் இலையின் சாம்பல் கரைந்துவிடும். கரையாமல் மிஞ்சுவது மண், மணல். இலை சரியாகக் கழுவப்படாவிட்டால் கொஞ்சம் மிஞ்சும். அதற்கென்று ஓர் அளவை விவரக்குறிப்பில் அனுமதித்திருக்கிறார்கள்.

தறிக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். சார் கிண்ணத்தைத் தராசில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அளவுக்குக் கொஞ்சம் அதிகம் என்றால் பரவாயில்லை. இது ஏதோ வீடு கட்டுவதற்கு வைத்தது போல இருந்தது.

வேறொருவராக இருந்தால் அப்போதே 'இணங்கவில்லை' என்று எழுதியிருப்பார். சார் எழுதவில்லை. "நம்ம தப்பா இருக்கும்" என்றார். அவர் முதலில் சந்தேகப்படுவது எப்போதும் எங்களைத்தான். கிண்ணங்களைக் கழுவினோம். வடிதாளை மாற்றினோம். சன்னலுக்கு ஈரத்துணி கட்டினோம். மறுபடியும் மண். அப்போது சார் கிண்ணத்துக்கு மேலே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உலையின் பளபளப்பான கதவில் அவர் முகம் தெரிந்தது. நெற்றியில் காய்ந்து வெடித்த புற்றுமண், குனிந்தால் உதிரும் நிலையில்.

வெளியே போய்க் குழாயைத் திறந்தார். நான் அவரை வெறும் நெற்றியோடு பார்த்தது அன்றுதான் முதல்முறை. யாரோ தெரியாத மனிதர் சாரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது போல இருந்தது. மறுநாளிலிருந்து சோதனை முடியும்வரை பூசுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் சைக்கிளை மறித்து, "சார், வீட்டுல துஷ்டியா?" என்று சாவு விசாரிக்கும் குரலில் கேட்டார். இல்லை என்றால் யாரும் நம்பவில்லை. இரண்டு பேர் மாலை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். கதவைத் திறந்த அவர் மனைவியிடம், "எப்பம்மா எடுக்கிய?" என்று கேட்க, "எதை எடுக்கணும்? அவுக உசிரோடதான் இருக்காவ, உள்ள பேப்பர் படிக்காவ!" என்று அந்த அம்மாள் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டதாம். கூடத்தில் எனக்கும் கெடுபிடிதான். என் ஒட்டுப் பொட்டு சந்தேகத்துக்குரியதா என்று பார்க்க ஒரு அட்டைப் பொட்டை முழுசாகக் கிண்ணத்தில் போட்டு எரித்தார். பொட்டு இணங்கியது.

ஆனால் மாத்திரை இணங்கவில்லை. வெறுங்கிண்ணம் சுத்தமாக வந்தது, சாரின் நெற்றி நிரபராதி. மண் மாத்திரைக்குள்ளேதான் இருந்தது.

அண்ணாச்சியைக் கூப்பிட்டு அனுப்பினார். "என்னென்ன சேக்கீங்க?"

"வல்லாரை, கொஞ்சம் சுக்கு, திப்பிலி. மூணே மூணு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார். அம்மன் மேல சத்தியமா."

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால் சார் ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி எடுக்க நேரில் கிளம்பினார். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கழுவிய இலை சுத்தம். காய்ந்த இலை சுத்தம். அரைத்த பொடி சுத்தம். மிச்சம் இருந்தது பொடிகளை ஒன்றாகக் கலக்கும் டிரம் மட்டும். மறுநாள் காலை அது ஓடும்போது நாங்கள் பக்கத்தில் நின்றோம்.

பொடிகளைக் கொட்டினார்கள். மதினி சூடம் ஏற்றினாள். அண்ணாச்சி கண்ணை மூடிக் கும்பிட்டார். மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து டிரம்முக்குள் போட்டார்.

"நிறுத்துங்க" என்றார் சார். "அது என்ன?"

"எது?" அண்ணாச்சிக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இப்பப் போட்டது."

"புத்துமண்ணு சார். பிள்ளைய நல்லாப் படிக்கணும்லா."

"கேட்டப்ப ஏன் சொல்லல?"

"சேக்கது என்னன்னுதான சார் கேட்டீய? இது சேக்கதா? இது சாமி."

சார் பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "ஒரு சிட்டிகைன்னா அளவுக்குள்ள வந்திருக்கணுமே. இவ்வளவு வராதே" என்றார்.

என் மதினி முந்தானையைத் திருகிக்கொண்டு, "நானும் ஒரு கை போடுவேன் சார். அண்ணாச்சி அந்தப் பக்கம் போனப்பொறம். எங்க பய இந்த வருசம் பரீச்ச எழுதுதான்" என்றாள்.

"சிட்டிகையா, கையா?"

"கைதான் சார். அவன் படிப்பு அப்படி."

அடுத்தவள் வாயைத் திறந்தாள். "நானும் போடுதேன் சார்." அதற்கடுத்தவள். எட்டுப் பேரும் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, ஆளாளுக்கு ஒரு வேண்டுதலோடு போட்டிருக்கிறார்கள். மருமகளுக்குப் பிள்ளை வரம், புருஷனின் குடி, மாமியாரின் வாய். கடைசியாக நின்ற பெண் தயங்கித் தயங்கி, "நான் ரெண்டு தடவ சார். எனக்கு ரெட்டப் பிள்ளைய" என்றாள். சார் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

ஆனால் அறிக்கை என்று ஒன்று இருக்கிறதே. அன்று மதியம் அண்ணாச்சி எங்கள் மாடிக்கு வந்து சாருக்கு எதிரே உட்கார்ந்தார். "சார், நீங்க தெனமும் நெத்தியில பூசுறவுக. அம்மனை அழுக்குன்னு எழுதிருவீயளா?"

"அம்மனைப் பத்தி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அமிலத்துல கரையலன்னு மட்டும் எழுதுவேன்."

அண்ணாச்சி நிமிர்ந்தார். "அமிலத்துல போட்டும் கரையலைல்லா? பாத்தீயளா அவ சக்திய!"

சார் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, கோயில் மண்ணா ரோட்டு மண்ணான்னு அமிலத்துக்குத் தெரியாது. சென்னையில வாங்குறவனுக்கும் தெரியாது. அவன் மாத்திரையப் பிரிச்சுப் பிள்ளைக்குப் பால்ல கலப்பான். அடியில நறநறன்னு தங்கும். என்ன கண்றாவின்னு சாக்கடையில ஊத்துவான். அம்மனைச் சாக்கடையில ஊத்த வைக்கணுமா?"

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அறிக்கை போனது: இணங்கவில்லை. சென்னைக்காரர்கள் புதுச் சரக்கும் புது அறிக்கையும் வரும்வரை காத்திருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை எட்டுப் பேருக்கும் வேலை இல்லை.

எங்கள் வீட்டில் எனக்குத் தண்டனை தொடங்கியது. மதினி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "உங்க தங்கச்சிட்டச் சோறு வேணுமான்னு கேளுங்க" என்பாள், நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது. ஒருநாள் மோரில் உப்பே இல்லை. அண்ணன் கேட்டதற்கு, "உப்புல மண்ணு கிண்ணு இருந்து, அதையும் எரிச்சுப் பாத்துட்டா என்ன செய்ய?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று கையைக் கழுவப் போனபோது அரிசி டிரம்மில் படி அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. பயமாக இருந்தது. அடுத்த சரக்கும் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சாரிடம் கேட்டேன். "உங்க நெத்தியில தப்பில்லைன்னுதான் தெரிஞ்சுபோச்சே சார். இன்னும் ஏன் வெறும் நெத்தியோட வாரீய? ஊரெல்லாம் பேசுது."

"எட்டுப் பேரு அடுப்பைப் பத்தி நாம எழுதுறோம்மா. அடுத்தவங்க சரக்குல மண்ணு இருக்குன்னு சொல்லப்போற நாம, நம்ம மூஞ்சியைக் கழுவிட்டுத்தான் சொல்லணும்" என்றார்.

அண்ணாச்சி நல்ல மனிதர். புதிதாகக் கலந்தார். அன்றைக்கு எட்டுப் பெண்களும் புற்றுமண்ணை டிரம்மின் வெளிப்புறத்தில் பூசினார்கள், தங்கள் நெற்றியில் பூசிக்கொள்ளாமல். டிரம்முக்கு மஞ்சள் குங்குமம் வேறு. அது கல்யாணப் பெண் மாதிரி சுற்றியதாகக் கேள்வி. புதுச் சரக்கைக் கடையில் சாரே போய் வாங்கி வந்தார். எரித்தார், கொதிக்கவைத்தார், வடித்தார். கீழே தறி நின்றது. கிண்ணம் தராசில் ஏறியது. எனக்கு எண்ணைப் பார்க்கத் தைரியமில்லாமல் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இணங்குகிறது" என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சொல்லை யாரும் என்னிடம் சொன்னதில்லை. சார் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினார். நான் மேலே நின்று பார்த்தேன். சைக்கிள் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, குழாய்த் தண்ணீரில் குழைத்து, கண்ணாடி இல்லாமலேயே நெற்றியில் பட்டையாகப் பூசினார். "ஆத்தா, இத்தனை நாள் உன்னை வெளியிலேயே நிறுத்திட்டேன். கோவிச்சுக்காத" என்று சொன்னது மாடிவரை கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுவாரம் அந்தக் குழாய்க்கு மேலே கண்ணாடி, ஒரு துண்டு, அந்தப் போர்டு எல்லாம் வந்தன.

அறிக்கை கையெழுத்தான அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மதினி அண்ணன் வழியாகப் பேசவில்லை. "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டாட்டி?" என்று என்னையே கேட்டாள். மோரில் உப்பு இருந்தது.

ஆர்டர் வந்தது, வேலையும் வந்தது. ஊருக்குள் மட்டும் அண்ணாச்சிக்கு ஒரு தலைவலி. "முன்ன மாதிரி பவர் இல்ல அண்ணாச்சி, புதுசுல என்னமோ கொறையுது" என்று பழைய வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்களாம். அந்த வருஷம் என் அண்ணன் மகன் பழைய சரக்கைச் சாப்பிட்டு எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டான். மதினி இன்றுவரை அதை எனக்குச் சொல்லிக் காட்டுகிறாள். இந்த மாத்திரை நிஜமாகவே ஞாபகசக்தி தருமா என்று அண்ணாச்சி சாரிடம் ஒருமுறை கேட்டார். "அது வேற பரிசோதனை. நாம செய்யல" என்றார் சார்.

இதைத்தான் முத்துலட்சுமிக்குப் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு, நான் அன்று சாரிடம் கேட்டதையே அவளும் கேட்டாள். "அப்பம் நெத்தியில தப்பே இல்லையே மேடம். அவருட்ட என்ன காரணம்னு சொல்ல?"

மூஞ்சியைக் கழுவுவது பற்றிச் சார் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் போய்ச் சொல்வது கேட்டது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை 'ஹலோ' என்றேன்.

பிறகு குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொஞ்ச நேரம் விழுந்தது. யாரோ ஓர் ஆண்குரல், "துண்டு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டது.